முப்பத்திரெண்டும் அறுபத்திநாலும்

தம்பி, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்காதீங்க. உங்க லேப்டாப்பு மூடியில பெங்குவின் படம் ஒட்டியிருக்கே, அது சும்மா அழகுக்கா, இல்ல நீங்களும் லினக்ஸா? லினக்ஸேதானா! எங்க ஆபீஸ் கம்ப்யூட்டரும் விண்டோஸ் இல்ல, அதுலதான் ஓடுது. சிவகாசி பஸ் ஸ்டாண்டுல ஏறும்போதே பாத்துட்டேன். அதனாலதான் முன்னாடி ரெண்டு சீட்டு காலியா இருந்தும் இங்கன வந்து உக்காந்தேன். மதுரை போக இன்னும் ஒண்ணேமுக்கா மணி நேரம் இருக்கு. எனக்கு நடந்தத வீட்டுல சொன்னா ஒருத்தருக்கும் புரிய மாட்டேங்குது. என் சம்சாரம், 'எந்தப் பொட்டியோ கெட்டுப்போச்சாம், இவரு சோறு திங்க மாட்டேங்காரு'ன்னு தெருப் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறா. உங்களுக்குப் புரியும். கேளுங்க.

என் பேரு தவசிலிங்கம். இருபத்திரெண்டு வருஷமா ஒரே அச்சாபீஸ், கம்ப்யூட்டர் செக்‌ஷன். ஆபீஸ் பேரு வேண்டாம், நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்ல. தினசரிக் காலண்டர் அடிக்கிற ஆபீஸ். உங்க வீட்டுச் செவத்துல தினம் ஒரு தாளு கிழிப்பீங்கள்ல, மேல தேதி, கீழ நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம்னு பொடி எழுத்துல இருக்கும்ல, அந்தத் தாளுதான் எங்க வேலை. செக்‌ஷன்ல ரெண்டே பேரு. நான் ஒண்ணு, ஜெபராணி ஒண்ணு. ஜோசியர் கைப்பட எழுதிக் குடுக்குற பஞ்சாங்கத்த அவ டைப் அடிப்பா, நான் மெஷினப் பாத்துக்கிடுவேன். சர்ச்சுக்குப் போற பிள்ளைதான், ஆனா எந்தக் கெழமை ராகு காலம் எத்தன மணிக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. பதினாலு வருஷம் எங்கூட வேலை பாத்தவ. அண்ணே அண்ணேன்னு வாய் நிறையக் கூப்பிடுவா. நானும் சொந்தத் தங்கச்சியாத்தான் நினைச்சேன். கூட இருந்தே குழி பறிப்பான்னு யாரு கண்டா?

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன்.

எங்களுக்குன்னு ஒரு புரோகிராம் இருந்துச்சு தம்பி. அத எழுதுனவரு நாகர்கோவில் பக்கத்து இஞ்சினியரு, ஹென்றின்னு பேரு. இருபது வருஷத்துக்கு முன்னாடி எழுதிக் குடுத்துட்டு வெளிநாடு போனவரு, அங்கனயே காலமாயிட்டாரு. புரோகிராம் இருக்கு, அத எழுதுன மூலம் இல்ல. சுட்ட இட்லி இருக்கு, மாவு இல்லைன்னு வைங்களேன். ஜெபராணி அடிச்சத உள்ள குடுத்தா, முன்னூத்தி அறுபத்தஞ்சு தாளையும் அந்தந்த எழுத்து அந்தந்த இடத்துல வச்சு வெளிய தள்ளும். வேற எதுவும் அப்படிச் செய்யாது. எங்க காலண்டர் எழுத்துக்குன்னே வாடிக்கைக்காரங்க உண்டு, கண்ணாடி போடாம வாசிக்கலாம்பாங்க.

அந்தப் புரோகிராம் முப்பத்திரெண்டு பிட்டு, பழைய ரக மெஷினுக்குன்னு எழுதுனது. அதான் வினை. ஆனி கடைசியில பழைய மெஷின் புகைஞ்சு போச்சு. டிஸ்க்கு மட்டும் தப்பிச்சது. அண்ணாச்சி, அதான் எங்க முதலாளி குலசேகரன் அண்ணாச்சி, மறுநாளே புது மெஷின் எறக்கிட்டாக. பளபளன்னு அறுபத்திநாலு பிட்டு, இப்பத்த ரகம். அந்த டிஸ்க்கையும் அதுலயே மாட்டி, புரோகிராமத் தட்டுனா, 'அப்படி ஒரு ஃபைலே இல்ல'ங்குது. கண்ணு முன்னாடி இருக்கு தம்பி. பேரு தெரியுது, சைஸு தெரியுது. ஓடச் சொன்னா இல்லைங்குது. ஜெபராணி எட்டிப் பாத்துட்டு, 'ஏன்ணே, இருக்குறத இல்லைங்குது?'ன்னா. நீங்க சிரிக்கிறீங்க. உங்களுக்குத் தெரியும், அது ஃபைலத் தேடல, அந்த ஃபைல எழுப்பி விடுற முப்பத்திரெண்டு பிட்டுத் துணைப் புரோகிராமத் தேடுது. அவளுக்கு நான் அழகா வெளங்கவச்சேன். 'தாயி, உங்க வீட்டுல உங்க மாமியாரு கவுச்சி தொட மாட்டாங்கள்ல? அவுகளுக்கு ஒரு செட்டுப் பாத்திரம், உங்களுக்கு ஒரு செட்டு. ஒரே சமையக்கட்டு. அந்த மாதிரி இந்த மெஷின்ல ரெண்டு செட்டும் வச்சுக்கலாம். இங்கிட்டு அறுபத்திநாலு, அங்கிட்டு முப்பத்திரெண்டு'ன்னேன். அவ, 'பாத்திரம் சரிண்ணே, அடுப்பு ஒண்ணுதான'ன்னா. விவரம் தெரியாம பேசுறான்னு விட்டுட்டேன்.

எங்க ஊர்ல ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்த வெளியிடுவாங்க, தெரியுமா? பூஜை போட்டு, மாதிரி எல்லாத்தையும் ஒண்ணா தச்ச ஆல்பத்த ஏஜெண்டுங்க கையில குடுப்பாங்க. அன்னிக்குக் குடுக்கலைன்னா அந்த வருஷம் அடுத்த ஆபீஸ் ஆல்பத்தத் தூக்கிக்கிட்டுப் போயிருவாங்க. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, 'தவசி, ஆடி பதினெட்டுக்கு ஆயிருமா?'ன்னாக. 'நான் இருக்கேன்ல அண்ணாச்சி, ரெண்டும் ஒரே மெஷின்ல ஓடும், கவலைய விடுங்க'ன்னு சொல்லிட்டேன். வாக்குக் குடுத்துட்டேன்.

நல்லாத்தான் போச்சு தம்பி. முப்பத்திரெண்டையும் சேத்துக்கன்னு மெஷினுக்குச் சொன்னேன், சேத்துக்கிச்சு. நெட்டுல இருந்து ஒரு துணைய எறக்குனேன், ஏத்துக்கிச்சு. அடுத்தது கேட்டுச்சு, அதையும் எறக்குனேன். ரெண்டு நாள்ல புரோகிராம் பாதி எழும்பி உக்காந்துருச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் வேணும்னுச்சு. அத எறக்கப் போறப்ப ஒரு பட்டியலக் காட்டுச்சு. இன்னின்னத மெஷின்ல இருந்து எடுத்துருவேன், சம்மதமான்னு.

இந்த எடத்துல எங்க ஆபீஸ் வழக்கம் ஒண்ணு சொல்லணும். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, நான் சேர்றதுக்கும் முன்னால, தை அமாவாசைய மறுநாள்னு அடிச்சுட்டாங்க. ஜனங்க ஒரு நாள் தள்ளி எள்ளும் தண்ணியும் எறச்சிருக்காங்க. ஒரு பெரியவரு ஆபீஸுக்கே வந்து, 'எங்கப்பாவப் பட்டினி போட்டுட்டீங்களேய்யா'ன்னு அழுதாராம். அன்னில இருந்து, எந்தத் தாளா இருந்தாலும் ஒருத்தர் சத்தமா வாசிக்கணும், இன்னொருத்தர் பாக்கணும். சரின்னு சொன்னது யாருன்னு புரூஃப் நோட்டுல எழுதணும். எழுதாம ஒரு அச்சுப் பிளேட்டு ஏறாது. அந்த விஷயத்துல நான் நெருப்பு. ஒரு புள்ளி மாறியிருந்தாலும் விட மாட்டேன். ஜெபராணிக்கு அந்தப் பழக்கத்த ஊட்டுனதே நான்தான்.

அந்தப் பழக்கத்துல அவ பக்கத்துல உக்காந்து பட்டியல வாசிக்க ஆரம்பிச்சா. இது எடுக்கப்படும், அது எடுக்கப்படும்னு ஒவ்வொண்ணா, எழுத்துக் கூட்டி. பதினோரு ஃபைல் பேரு வாசிச்சிருப்பா. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. 'போதும் தாயி, இதென்ன அமாவாசையா, ஒண்ணொண்ணா வாசிக்க? மெஷின்னா இப்படித்தான் பூச்சாண்டி காட்டும்'னேன். 'இல்லண்ணே, கீழ என்னமோ எச்சரிக்கைன்னு போட்டிருக்கு'ன்னா. நான் வாசிக்கல. வாசிக்க வேண்டியதும் இல்ல, எனக்குத் தெரியாத எச்சரிக்கையா?

சாதாரணமா ஆமாவா இல்லையான்னு ஒரு எழுத்துத்தான் கேக்கும், இல்லையா? அன்னிக்கு ஒரு முழு வாக்கியம் கேட்டுச்சு. 'ஆமாம், நான் சொல்றபடி செய்'னு இங்கிலீஷுல, ஒரு எழுத்து பிசகாம அடிச்சாத்தான் நகருவேன்னு நிக்குது. மறைக்காம சொல்றேன் தம்பி, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். வீட்டுலயும் சரி, ஆபீஸுலயும் சரி, அந்த மாதிரி ஒரு வார்த்தைய என்கிட்ட யாரும் கேட்டு வாங்குனதில்ல. நிமிந்து உக்காந்து அடிச்சேன். ஆமாம். நான் சொல்றபடி செய்.

செஞ்சிருச்சு.

அது கேட்ட அந்த ஒரு துணை இருக்கே, அது ரெண்டு செட்டுலயும் இருக்கக்கூடாத சாமான். ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும். முப்பத்திரெண்டு உள்ள வர, அறுபத்திநாலு வெளிய போச்சு. அத நம்பியிருந்த அத்தனையும் பின்னாலயே போச்சு. திரை கறுத்துப் போச்சு. மௌஸ் இல்ல, படம் இல்ல, எழுத்து இல்ல. மூலையில ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்குன்னு நிக்குது. காலையில பத்தரை மணி. வெளிய அச்சு மெஷின் ஆளுங்க டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க.

ஜெபராணி, 'அண்ணே, நான் அடிச்சதெல்லாம் உள்ளதான இருக்கும்?'ன்னு கேட்டா. உள்ளதான் இருந்துச்சு. அது எனக்கு இப்பத் தெரியுது. அப்ப கை ஓடல, கால் ஓடல. அண்ணாச்சி பன்னெண்டு மணிக்கு வருவாகளே, கறுத்த திரையவா காட்டுறது? சுத்தமா முதல்ல இருந்து போட்டுருவோம்னு புதுசா ஏத்துனேன். ஏத்தும்போது, பழசு எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போடவான்னு ஒரு கேள்வி வந்துச்சு. ஆமான்னேன். என்ன தம்பி, நெத்தியில கை வைக்கிறீங்க? நிதானம் தவறிருச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும்.

இருநூத்தி எழுபது நாளு அடிச்சு முடிச்சிருந்தா. மூணு மாசத்து வேலை. போச்சு. அவ எம் மொகத்தப் பாத்தா, திரையப் பாத்தா, எந்திரிச்சுப் போய் அவ மேசையில உக்காந்து என்னமோ எழுதுனா. லீவு லெட்டர் எழுதுறா போலன்னு நினைச்சேன்.

பன்னெண்டு மணிக்கு அண்ணாச்சி வந்தாக. 'என்ன தவசி, மெஷின் புதுப்பொண்ணு மாதிரி இருக்கு, உள்ள ஒண்ணையும் காணோமே?'ன்னாக. இப்பக் கவனிங்க. நான் அவ பேரச் சொல்லல. எந்தச் சாமி முன்னாலயும் கற்பூரம் அணைப்பேன், அவ பேர நான் சொல்லல. 'செக்‌ஷன்ல யாரோ தெரியாம கை வச்சிருக்காங்க அண்ணாச்சி'ன்னுதான் சொன்னேன். யாரோன்னுதான சொன்னேன்? செக்‌ஷன்ல நாங்க ரெண்டே பேருங்கறது உண்மைதான். நான் கை வைக்க மாட்டேன்னு அண்ணாச்சிக்குத் தெரியுங்கறதும் உண்மைதான். அதுக்கு நான் என்ன பண்ண? அண்ணாச்சி அவ பக்கம் திரும்புனாக.

ஒரு வார்த்தை போதும் தம்பி. 'நான்தான் அண்ணாச்சி, தெரியாம அமுக்கிட்டேன்'னு அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். அவளுக்கு என்ன கொறைஞ்சு போகுது? பொம்பளப் பிள்ளை, அடிக்கிற வேலைக்காரி, ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுருவாக. எனக்கு அப்படியா? செக்‌ஷன் இன்சார்ஜ். நாலு ஆபீஸ்ல மெஷின் மக்கர் பண்ணுனா என்னைத்தான் தேடி வருவாங்க. அண்ணனுக்காக ஒரு வார்த்தை தாங்க மாட்டாளா? பதினாலு வருஷம் அண்ணேன்னு கூப்பிட்டது எதுக்கு?

அவ மேசை டிராயரத் தெறந்து புரூஃப் நோட்ட எடுத்து அண்ணாச்சி கையில குடுத்தா. அண்ணாச்சி சத்தமா வாசிச்சாக. 'காலை பத்து இருபது. பட்டியல் வாசித்தது ஜெபராணி, பதினோரு பெயர் வரை. மீதி வாசிக்கவில்லை. சரி சொன்னது அண்ணன். பதினொண்ணு பத்து. எல்லாவற்றையும் அழிக்கச் சரி சொன்னது அண்ணன்.' அவ்வளவுதான். அண்ணாச்சி மறுபடியும் ஒரு தடவை வாசிச்சாக. வெளிய டீ குடிச்சுக்கிட்டு இருந்த ஆளுங்க வாசல்ல வந்து நிக்காங்க. பேரக்கூட எழுதல பாருங்க, அண்ணன்னு எழுதியிருக்கா. நான் சொல்லிக் குடுத்த பழக்கம், என் மேலயே பாயுது. வளர்த்த கடா மார்ல பாயும்னு சும்மாவா சொன்னாங்க?

அதோட விட்டாளா? பையில இருந்து ஒரு பென்டிரைவ எடுத்து மேசையில வச்சா. 'அண்ணாச்சி, வாராவாரம் சனிக்கிழமை காப்பி எடுத்து வைப்பேன். போன சனிக்கிழமை வரைக்கும் உள்ளது இதுல இருக்கு. புரோகிராமும் இருக்கு. நாலு நாள் வேலைதான் திரும்ப அடிக்கணும்'னா. அண்ணாச்சி மூச்சு விட்டாக பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குது. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. நான் ஒருத்தன்தான் நினைச்சுப் பாத்தேன். வாராவாரம்! பதினாலு வருஷமா! எனக்குத் தெரியாம! மெஷினப் பாத்துக்க நான் ஒருத்தன் இருக்கேன், அப்புறம் இவ எதுக்குக் காப்பி எடுக்கணும்? முதல் நாள்ல இருந்தே என்னை நம்பலைன்னுதான அர்த்தம்? ஏசுன ஏச்சுக்கூட மறந்துரும் தம்பி, இது மறக்குமா?

அண்ணாச்சி ஏசல. அதுதான் இன்னும் வலிக்குது. 'தவசி, நீங்க கொஞ்ச நாளு வீட்டுல ரெஸ்ட் எடுங்க'ன்னு மட்டும் சொன்னாக. எப்பவும் என்னை ஒருமையிலதான் கூப்பிடுவாக. அன்னிக்கு நீங்கன்னாக.

சரி, இதையும் உங்ககிட்ட சொல்லிடுறேன். புதுசா மெஷின் ஏத்துனேன்ல, அதுக்கு பாஸ்வேர்டு போட்டது நான். எனக்கு மட்டும்தான் தெரியும். கிளம்பும்போது யாருகிட்டயும் சொல்லல. வேணும்னு இல்ல தம்பி, யாரும் கேக்கல, நானும் சொல்லல. ஆனா வீட்டுக்கு வந்ததும் மனசுக்கு ஒரு தெம்பா இருந்துச்சு. வரட்டும், வந்துதான ஆகணும். ஆடி பதினெட்டுக்குப் பதினாறு நாள் இருக்கு. அந்த மெஷின் இல்லாம எப்படி ஓட்டுவாங்க? கேட்டா சொல்லாம இருக்கிற ஆளு இல்ல நான். கேக்கணும், அவ்வளவுதான். அண்ணே, தெரியாம பண்ணிட்டேன், பாஸ்வேர்டு சொல்லுங்கண்ணேன்னு அவ ஒரு போன் போடணும். போன எப்பவும் சார்ஜ் போட்டே வச்சிருந்தேன். குளிக்கப் போனாலும் என் சம்சாரம் கையில குடுத்துட்டுப் போவேன்.

மூணாம் நாளு ஜெபராணி வீட்டுக்கே வந்தா. நான் விட்டுட்டு வந்த சாப்பாட்டுக் கேரியரக் கழுவித் தொடைச்சு எடுத்துக்கிட்டு வந்திருந்தா. உக்காந்தா, காப்பி குடிச்சா. 'சுகர் மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாண்ணே'ன்னா. நான் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தா கேக்கப் போறா, இந்தா கேக்கப் போறான்னு இருக்கேன். வாசப்படி வரைக்கும் போயி நின்னு திரும்புனா. கேட்டுருவான்னு எந்திரிச்சுட்டேன். 'வாரேன்ணே, ஒடம்பப் பாத்துக்கங்க'ன்னுட்டுப் போயிட்டா. கேக்கத்தான் வந்திருப்பா, வாய் வரலைன்னு நினைச்சேன். எவ்வளவு வீம்பு பாருங்க.

நேத்து ஆடி பதினெட்டு. காலையிலயே கிளம்பி, ஆபீஸுக்கு எதுத்தாப்புல ஒரு பெட்டிக்கடையில போய் நின்னேன். பந்தல் போட்டிருக்கு, வாழை மரம் கட்டியிருக்கு. ஏஜெண்டுங்க ஆல்பமும் கையுமா வெளிய வாராங்க. ஒருத்தரு நமக்குப் பழக்கம், அவருகிட்ட வாங்கிப் பாத்தேன். கடைசிப் பக்கத்துல தினசரித் தாளோட மாதிரி ஒண்ணு இருக்கு. அதே எழுத்து. அதே எடம். ராகு காலம் சரி, நல்ல நேரம் சரி, சந்திராஷ்டமம் சரி. கண்ணாடி போட்டும் பாத்தேன், போடாமலும் பாத்தேன். ஒரு புள்ளி மாறல.

எப்படின்னு வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சேன். நான் கிளம்புன அன்னிக்குச் சாயந்தரமே அவ பழைய சாமான் கடையில இருந்து ஒரு கெழட்டு மெஷின எடுத்தாந்திருக்கா. முப்பத்திரெண்டு பிட்டு. அதுல புரோகிராம மட்டும் ஏத்தி, பக்கத்தப் போட்டு, பென்டிரைவுல எடுத்துக்கிட்டுப் போயி அண்ணாச்சி ரூம் மெஷின்ல பிளேட்டுக்கு அனுப்பியிருக்கா. முப்பத்திரெண்டு தனி, அறுபத்திநாலு தனி. கலக்கவே இல்ல. இது ஒரு வேலையா, நீங்களே சொல்லுங்க? இதத்தான் முதல் நாளே சொன்னா, 'அண்ணே, பழைய மெஷின் ஒண்ணு வாங்கி அதுக்குள்ள மட்டும் ஓட்டுவோமே'ன்னு. 'போ தாயி, இது குப்பை பொறக்குற புத்தி'ன்னு நான்தான் சிரிச்சேன். ஆமா, முதல்ல சொல்ல விட்டுப் போச்சு. அதுல என்ன வித்தை இருக்கு? ரெண்டையும் ஒண்ணா ஓட வைக்கிறவன்ல கெட்டிக்காரன்?

'அப்ப அந்தப் புது மெஷின்?'னு கேட்டேன். 'அது ஸ்டோர் ரூம்ல கெடக்கு, மேல சாக்கு மூடியிருக்கு'ன்னான்.

அதான் இப்ப மக வீட்டுக்குப் போறேன். கொஞ்ச நாளு அங்கன இருக்கலாம்னு. ஊர்ல இருந்தா கண்ணு அந்தத் தெருப் பக்கமே போகுது.

என்ன சொல்றீங்க? பாஸ்வேர்டு தெரியாட்டியும் உள்ள போயி மாத்திரலாமா? மாத்திரலாம் தம்பி, அஞ்சு நிமிஷ வேலை, எனக்குத் தெரியாதா? அவங்க அதக்கூடச் செய்யல. அந்த மெஷினத் தொடவே இல்ல. அண்ணாச்சி கேக்கல. அவ வீடு தேடி வந்து எதுக்க உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போனா, அப்பவும் கேக்கல. பதினாறு நாளும் வாய்க்குள்ளயே வச்சிருக்கேன். பெருசு சின்னது எல்லாம் கலந்து பன்னெண்டு எழுத்து, மறந்துரக் கூடாதுன்னு தெனமும் காலையில ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிடுறேன்.

திருமங்கலம் வந்துருச்சு. நீங்க இங்கன எறங்கணுமா? மதுரைன்னுல்ல நினைச்சேன். சரி, பைய நான் எடுத்துத் தாரேன், பாத்துப் போங்க. தம்பி, ஒரு நிமிஷம். நீங்களாவது ஒரு தடவ கேளுங்களேன், பாஸ்வேர்டு என்னன்னு.